கால்குலேட்டர் மூடியைத் திருப்பிப் பாருங்கள்: காலேஜ் தேர்வில் காப்பியைத் தடுப்பது பற்றி

தேர்வு அறைக் கண்காணிப்புக்குப் போகும் எந்த ஆசிரியருக்கும் கேசியோ 991 கால்குலேட்டரின் மூடியைத் தெரிந்திருக்கும். இன்ஜினியரிங் காலேஜில் முக்கால்வாசிப் பேர் கையில் அதுதான். மூடியை உருவித் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், பிளாஸ்டிக்கின் மேல் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதிய ஃபார்முலாக்கள் மினுங்கும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் மேடம்தான் சொல்லிக் கொடுத்தார்: "ஹால் டிக்கெட்டைப் பார்க்கிறீங்களோ இல்லையோ, மூடியைப் பாருங்க தம்பி."

மூடியைப் பிடிப்பது சுலபம். அது அறைக்குள்ளேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, விரலால் தேய்த்தால் போய்விடுகிறது. இப்போது வருகிற தலைவலி வேறு. தேர்வு நடத்துவதில் புதிதாக இறங்கியிருக்கும் உதவிப் பேராசிரியர்களுக்கும், "வாட்சை எதுக்கு சார் கழட்டச் சொல்றீங்க" என்று கேட்கும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்தத் தடுப்பு எதைத் தடுக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது, இவ்வளவு புரிந்தால் போதும்.

பரீட்சை என்பது அடிப்படையில் ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது? தலைக்கு வெளியே இருப்பதை உள்ளே இருப்பதாகக் காட்டினால் அது காப்பி. வெளியே இருப்பது என்று பார்த்தால் காலங்காலமாக இரண்டுதான். ஒன்று தாள், அதாவது பிட், மூடி, உள்ளங்கை, பெஞ்ச் எல்லாம். இன்னொன்று ஆள்: முன் பெஞ்ச் நண்பன், அல்லது நமக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தே எழுதிவிடுகிறவன். செல்போன் வந்தபோது இதில் புதிதாக எதுவும் சேரவில்லை, பிட்டின் அளவு பெரிதானது, நண்பன் அறைக்கு வெளியே போனான், அவ்வளவுதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகுதான் கணக்கே மாறியது. பாடம் தெரிந்த நண்பனும் வேண்டாம், பிட் எழுத ராத்திரி கண்விழிக்கவும் வேண்டாம், கேள்வியைப் படம் எடுத்தால் பதில் வந்துவிடுகிறது. பிட் எழுதுகிறவனாவது எது வரும் என்று யோசித்து, நாலு பக்கத்தை நாலு வரியாகச் சுருக்கி, அந்தச் சாக்கில் கொஞ்சம் படித்தும் விடுவான். (என்னோடு படித்த ஒருவன் பிட் எழுதி எழுதியே பாடம் ஏறிப்போய், கடைசியில் அதைச் சாக்ஸிலிருந்து எடுக்காமலே பாஸ் பண்ணினான்.)

வாசலில் தடுப்பது

பெரும்பாலான காலேஜ்களுக்குத் தடுப்பு என்றால் வாசல் சோதனைதான். போன் பைக்குள், பை வெளியே, வாட்ச் ட்ரேயில். இது ஏன் முக்கியம் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 2017 அக்டோபரில் சென்னை எழும்பூரில் ஒரு மையத்தில் சிவில் சர்வீஸ் மெயின் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பிடிபட்டார். அவர் ஏற்கெனவே பயிற்சியில் இருந்த ஐபிஎஸ் அதிகாரி! சட்டையில் சின்ன கேமரா, காதில் ப்ளூடூத், ஹைதராபாத்திலிருந்து மனைவி பதில் வாசித்தார் என்று போலீஸ் சொன்னது. 2021 செப்டம்பரில் ராஜஸ்தானின் ஆசிரியர் தகுதித் தேர்வில் செருப்புக்குள் போன் கருவியை ஒளித்து வந்தவர்கள் மாட்டினார்கள். அன்று பல மாவட்டங்களில் மொபைல் இன்டர்நெட்டையே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஊர் முழுக்க யாருக்கும் ஜிபே வேலை செய்யவில்லை என்றாலும் சாதாரண போன் கால் போகும்தானே.

காதுக்குள் போகும் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பட்டாணி அளவு ரிசீவர் காதுக்குள் இருக்கும். சட்டைக்குள் கழுத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம். எங்காவது ஒரு போன். போனில் வரும் குரலை வளையம் காந்தப்புலமாக மாற்ற, காதிலிருப்பது அதைத் திரும்பக் குரலாக்குகிறது. காது கேளாதவர்களுக்கான கருவிகளில் பல காலமாக இருக்கும் நுட்பம்தான். ஆக, போன் இல்லாவிட்டால் காதில் இருப்பது வெறும் பட்டாணி. ஒவ்வொரு மாணவன் காதிலும் டார்ச் அடித்துப் பார்ப்பது அசிங்கம், பயனும் குறைவு. இடுப்பு, கழுத்து, செருப்பு இவற்றில் கையடக்க மெட்டல் டிடெக்டரை ஒழுங்காக ஓட்டினால் போன் சிக்கும், போன் சிக்கினால் மற்றதெல்லாம் செத்தது.

"ஜாமர் வைத்துவிட்டால் என்ன?" என்று ஒவ்வொரு ஸ்டாஃப் மீட்டிங்கிலும் யாராவது கேட்பார். ஜாமர் செய்வது ரொம்ப எளிமையான வேலை: செல்போன் டவர் பேசும் அதே அலைவரிசையில் வெறும் இரைச்சலைக் கொட்டுவது. நாலு பேர் மேளம் அடிக்கும் இடத்தில் நாம் காதோடு காதாகப் பேச முடியாது இல்லையா, அது மாதிரி. ஆனால் இந்தியாவில் அரசின் அனுமதி இல்லாமல் ஜாமர் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம். அரசுத் தேர்வு முகமைகள் அனுமதி வாங்கி பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பிஇஎல்), எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் (இசிஐஎல்) போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் மூலம் வைக்கலாம். தனியார் காலேஜ் ஆன்லைனில் ஒன்று வாங்கி மாட்டினால், பக்கத்துத் தெருவில் ஆம்புலன்சுக்கு போன் போகாமல் போனால்கூட நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதைவிட மலிவான ஒரு தடுப்பு: ஓடுகிற சுவர்க் கடிகாரம். சிரிக்காதீர்கள். வாட்சைக் கழற்றச் சொன்னால் மாணவர்கள் சண்டை போடுவது நேரம் தெரியாது என்பதற்காக. பல ஹால்களில் கடிகாரம் போன வருஷமே நின்றுபோய் பத்து இருபதைக் காட்டிக்கொண்டிருக்கும். நூற்றி ஐம்பது ரூபாய் கடிகாரமும் ஒரு பேட்டரியும் இருந்தால் எல்லா வாட்சையும் தயங்காமல் வாங்கி வைக்கலாம். மூக்குக் கண்ணாடி அடுத்த பிரச்சினை. 2024 பிப்ரவரியில் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒருவர் ஸ்மார்ட் கண்ணாடியால் கேள்வித்தாளைப் படம் எடுத்து சமூக வலைத்தளத்தில் போட்டு மற்றவர்களிடம் பதில் கேட்டார். பிரேமின் காது கொக்கி வழக்கத்தைவிடத் தடியாக இருந்தால் ஒரு நிமிஷம் வாங்கிப் பாருங்கள்.

ஆள்மாறாட்டம் தனிக் கதை. 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவரின் முகமும் நீட் ஹால் டிக்கெட்டில் இருந்த முகமும் ஒத்துப்போகவில்லை என்பதிலிருந்துதான் நீட் ஆள்மாறாட்ட வழக்கே கிளம்பியது. கைரேகை எடுக்கிறோம் என்று தேர்வு மையத்தில் இயந்திரம் வைத்தால் மட்டும் போதாது, பரீட்சை எழுதிய விரலும் காலேஜில் சேர வந்த விரலும் ஒன்றுதானா என்று யாராவது ஒப்பிட வேண்டும். ஒப்பிடாத கைரேகை வெறும் மை.

2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டத்தைப் பற்றி மாணவர்கள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அது யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கி, நீட் நடத்தும் என்டிஏ ஆகியவற்றின் தேர்வுகளுக்கானது. குறி வைப்பது கேள்வித்தாளைக் கசியவிடும் கும்பல்களை. நம் செமஸ்டர் பரீட்சையில் மாட்டினால் பல்கலைக்கழக விதிதான், அதாவது பேப்பர் கேன்சல், முற்றினால் டிபார், அதாவது தேர்வெழுதவே தடை.

வீட்டிலிருந்து எழுதினால்

கொரோனா காலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் முதலில் கேமரா கண்காணிப்போடு ஆன்லைனில் கொள்குறித் தேர்வு நடத்தியது. அப்புறம் 2021இல், வீட்டிலேயே தாளில் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பும் முறைக்கு மாறியது. அந்த மாற்றமே ஒரு பாடம்தான், ஏன் என்று பாருங்கள்.

வீட்டுத் தேர்வுக்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, பூட்டும் பிரவுசர். சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிச் பல்கலைக்கழகம் உருவாக்கிய சேஃப் எக்ஸாம் பிரவுசர் இலவசமாகவே கிடைக்கிறது. தேர்வு ஓடும்வரை வேறு ஜன்னலுக்குப் போக முடியாது, காப்பி பேஸ்ட் கிடையாது. லேப் கம்ப்யூட்டரில், ஆசிரியர் நின்றுகொண்டிருக்கும்போது இது அருமையான கருவி. வீட்டிலோ, லேப்டாப்புக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது.

இன்னொன்று கேமரா மூலம் கவனிக்கும் ப்ராக்டரிங் சாஃப்ட்வேர். முகம் தெரிகிறதா, கண் எங்கே போகிறது, இரண்டாவது குரல் கேட்கிறதா என்று பார்த்துச் சந்தேகம் வந்தால் கொடி காட்டும். நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். இரண்டு அறை வீட்டில் அம்மா பின்னால் நடப்பார், குக்கர் விசில் அடிக்கும், மின்சாரம் போய் வரும், யோசிக்கும்போது மேலே பார்ப்பது நம் பழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு கொடி. கறுத்த நிறம் உள்ள மாணவர்கள் முகமே தெரியவில்லை என்று சாஃப்ட்வேர் சொல்வதாக அமெரிக்காவில் புகார் கிளம்பியது. அங்கே ஓஹையோவில் தேர்வுக்கு முன் அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022இல் ஒரு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சாஃப்ட்வேர் தந்த பதிவை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டார்ட்மத் மருத்துவக் கல்லூரியைச் சொல்வேன். 2021இல் அங்கே 17 மாணவர்கள் தேர்வு நேரத்தில் பாடக் கோப்புகளைத் திறந்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். ஆதாரம், கேன்வாஸ் மென்பொருளின் பதிவு. பிறகு பார்த்தால், மாணவன் தொடாமலேயே, எங்கோ திறந்து கிடந்த போனோ டேப்லெட்டோ தானாகவே பக்கத்தைப் புதுப்பித்தாலும் அதே மாதிரிப் பதிவு விழும். குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். கொடி விழுந்தால் விசாரிக்கத் தொடங்கலாம், அதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

திருத்தும்போது கண்டுபிடிப்பது

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பேர் ஒரே சரியான விடை எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை, இருவரும் படித்திருக்கலாம். இரண்டு பேர் ஒரே தப்பான விடை எழுதியிருந்தால்தான் நாம் பேனாவைக் கீழே வைக்க வேண்டும்.

நாலு ஆப்ஷன் உள்ள கேள்வியில் தப்பானவை மூன்று. ஒருவரையொருவர் பார்க்காத இருவர் தப்பு செய்தால், இருவரும் அதே தப்பில் போய் விழ மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கேள்விகளில் இப்படியே நடக்க வாய்ப்பு 59,049இல் ஒன்று. நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது, சில தப்பான ஆப்ஷன்கள் எல்லோரையும் இழுக்கும்படியே வைக்கப்பட்டிருக்கும், சில சமயம் வகுப்பில் நாமே தப்பாக நடத்தியிருப்போம் (நடந்திருக்கிறது). அதனால் வகுப்பு முழுக்க அந்தத் தப்பு எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2020 மே மாதம் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில், வீட்டிலிருந்து எழுதிய கால்குலஸ் தேர்வில் 70க்கும் மேற்பட்டவர்கள் மாட்டியது இப்படித்தான். திருத்திய ஆசிரியர்களுக்கு ஒரே மாதிரித் தப்புகள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர்களை மட்டும் தயவுசெய்து இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு டிடெக்டரை விட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. 2023 ஜூலையில் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். அதைவிட நமக்கு நெருக்கமானது அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் செய்த ஆய்வு: ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் எழுதிய டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை டிடெக்டர்கள் ஏஐ எழுதியது என்று சொல்லிவிட்டன. காரணம் எளிது. எளிய, எதிர்பார்க்கக்கூடிய சொற்களை எழுதினால் இயந்திரம் என்று அது நினைக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, நோட்ஸில் இருக்கும் ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் செய்து எழுதும் நம் பிள்ளையைத்தான் அது முதலில் பிடிக்கும். அசைன்மென்டில் சந்தேகம் வந்தால் அந்த மாணவனை உட்கார வைத்து, "இந்த மூணாவது பாராவை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கேள்வித்தாள் என்னும் பூட்டு

இவ்வளவும் வேலி போடும் கதை. என் அனுபவத்தில், வேலியைவிடக் கேள்வித்தாள்தான் அதிகம் தடுக்கிறது, அதைத்தான் நாம் கடைசி நாள் மத்தியானம், கொஸ்டின் பேங்கிலிருந்து அவசர அவசரமாக உருவி எடுக்கிறோம்.

நம் தாள்களில் ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் கே1, கே2 என்று போட்டிருக்கும் கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ப்ளூமின் வகைப்பாடு என்பார்கள்: நினைவில் இருப்பதைச் சொல்வது, புரிந்ததைச் சொல்வது, பயன்படுத்துவது, அலசுவது என்று ஏறிக்கொண்டே போகும். 2018இல், தொழில்நுட்பக் கல்லூரிகளை மேற்பார்க்கும் ஏஐசிடிஇ வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கை இதைத்தான் வலியுறுத்தியது. கட்டத்தை நிரப்புகிறோம், கேள்வி என்னவோ அதே "வரையறு", "பட்டியலிடு". அப்படிப்பட்ட கேள்விக்கு விடை கால்குலேட்டர் மூடியில் அடங்கிவிடும்.

ஒரு உதாரணம். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 6 மீட்டர் பீம். இடது முனையிலிருந்து 2 மீட்டரில் ஒரு சுமை. அதிகபட்ச பென்டிங் மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புவிசை) என்ன? எல்லோருக்கும் ஒரே சுமை கொடுத்தால் ஒரே விடை, முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்ச் வரை அரை நிமிஷத்தில் போய்விடும். நான் இப்படிக் கேட்கிறேன்: "உன் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தோடு 20ஐக் கூட்டு, அத்தனை கிலோநியூட்டன்தான் உன் சுமை." (20 கூட்டுவது ஏனென்றால், 00 என்று முடியும் ஒரு பதிவெண் எப்போதும் வந்து நிற்கும், அவனுக்குச் சுமையே இருக்காது.) 16 என்று முடிகிறவனுக்கு 36 கிலோநியூட்டன், விடை 48 கிலோநியூட்டன் மீட்டர். 25 என்று முடிகிறவளுக்கு 45, விடை 60. திருத்த எக்செல்லில் ஒரு நெடுவரிசை போதும். பக்கத்தில் பார்த்து எழுதியவன் தாளில் பக்கத்துப் பதிவெண்ணின் விடை வந்து உட்கார்ந்திருக்கும், நாம் ஒன்றும் தேட வேண்டியதில்லை.

அடுத்த பகுதியில், "36 கிலோநியூட்டனுக்கு ஒரு ஏஐ 54 என்று விடை தந்தது, எந்த இடத்தில் தப்பியது?" என்று கேட்பேன். சுமை நடுவில் இருந்தால் பயன்படும் சூத்திரத்தை அது போட்டுவிட்டது என்பது விடை. சுமை நடுவில் இல்லை என்பதைப் படத்தில் பார்த்தவன்தான் சொல்ல முடியும். இன்றைய ஏஐயிடம் கேட்டால் இதையும் சொல்லிவிடும், அதனால் வீட்டில் எழுதும் அசைன்மென்டில் இது செல்லாது, போன் இல்லாத ஹாலில் செல்லும். வேலியும் வேண்டும், பூட்டும் வேண்டும்.

ஐஐடி மெட்ராஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2020இல் தொடங்கிய அவர்களுடைய பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பில் பாடம் முழுக்க ஆன்லைன், வினாடி வினாவுக்கும் இறுதித் தேர்வுக்கும் மட்டும் நேரில் மையத்துக்கு வர வேண்டும். ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெலிலும் அப்படித்தான், வாராந்திர அசைன்மென்டுக்கு 25 சதவீதம், மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. அந்த அசைன்மென்டுகளின் விடை யூட்யூபிலும் டெலிகிராமிலும் வாராவாரம் சுற்றும். சுற்றட்டும் என்று விட்டுவிட்டு, எடையை நேரில் எழுதும் தேர்வில் வைத்துவிட்டார்கள். சீனாவில் 2025 ஜூனில் காவோகாவ் நுழைவுத் தேர்வு நடந்த நாட்களில் பெரிய ஏஐ நிறுவனங்கள் படத்தைப் பார்த்து விடை சொல்லும் வசதியையே நிறுத்தி வைத்தன. நாடே எழுதும் தேர்வுக்கு அது சரி, நம் இரண்டாம் இன்டர்னலுக்காக யாரும் நிறுத்தப் போவதில்லை.

வாய்மொழித் தேர்வுதான் எல்லாவற்றிலும் பலமானது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் 60 பேர் வகுப்பில் ஆளுக்கு 5 நிமிஷம் என்றால் 5 மணி நேரம், இரண்டு செக்ஷன் என்றால் பத்து. லேப் ரெக்கார்ட், நாக் தரச்சான்று வேலை, அட்மிஷன் ட்யூட்டி என்று ஓடும் ஆசிரியரிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் செய்வது, ஒவ்வொரு அசைன்மென்டிலும் குலுக்கிப் போட்டுப் பத்துப் பேரை மட்டும் கூப்பிடுவது. யாரைக் கூப்பிடுவேன் என்று தெரியாததால் எல்லோரும் ஒரு தடவையாவது தாங்கள் கொடுத்ததைப் படித்துவிட்டு வருகிறார்கள்.

இதை எல்லாம் பேசும்போது மாணவன் மேல்தான் நம் கண் முழுக்க இருக்கிறது என்பதும் எனக்கு உறுத்தும். 2017 ஏப்ரல், மே தேர்வுகளின் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள் என்று லஞ்ச ஒழிப்புத் துறை 2018இல் அண்ணா பல்கலைக்கழக அதிகாரிகள் மேல் வழக்குப் பதிந்ததே, அந்த அறை வாசலில் யாரும் மெட்டல் டிடெக்டரோடு நின்றிருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மூடியில் ஃபார்முலா எழுதுவதை ஒழிக்க, போன வருஷம் இன்டர்னலுக்கு ஒரு ஏ4 தாளை நானே அனுமதித்தேன். ஒரே ஒரு தாள், சொந்தக் கையெழுத்து, என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு வரலாம், ஜெராக்ஸ் கூடாது. மூடிகள் சுத்தமாகிவிட்டன. தாளைச் சுற்றி வந்து பார்த்தபோது ஜன்னல் ஓரத்து இரண்டு பேரின் தாளிலும், வளைவுச் சூத்திரத்தில் எல் கியூப் வர வேண்டிய இடத்தில் எல் ஸ்கொயர் என்று இருந்தது, அதே மூலையில், அதே சிவப்புக் கட்டத்துக்குள். இப்போது அந்தத் தாளையும் விடைத்தாளோடு சேர்த்து நூலில் கட்டித் தரச் சொல்கிறேன்.